ஹெவி மெட்டல் கச்சேரிக்காகப் பயணம்: எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

பிடித்த மெட்டல் பேண்ட் டூர் அறிவித்துவிட்டது. பட்டியலில் இருபது முப்பது ஊர்கள். லீவு ஒரு வாரம்தான் கிடைக்கும். பணமும் ஒரு பயணத்துக்குத்தான் இருக்கிறது. கச்சேரியும் பார்க்க வேண்டும், போன ஊரையும் ஆற அமரச் சுற்றிப் பார்க்க வேண்டும். இத்தனை ஊர்களில் எதற்கு டிக்கெட் போடுவது?

விமானக் கட்டணம் எங்கே குறைவோ அங்கே போகிறவர்கள் உண்டு. டிக்கெட் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே போகிறவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் பெரிய பேண்டுகள் ஒரு டூர் முழுக்க ஏறக்குறைய ஒரே செட்லிஸ்டைத்தான், அதாவது ஒரே பாட்டு வரிசையைத்தான், வாசிக்கின்றன. மேடையில் சீறும் தீ, பின்னால் மாறும் திரைச்சீலை, கடைசிப் பாட்டுக்கு முன் விளக்கு அணைவது, எல்லாம் அச்சு மாறாமல் நடக்கும். அயர்ன் மெய்டன் ரசிகர்களைக் கேட்டால் தெரியும். டூரின் முதல் இரவு முடிந்ததுமே பாட்டு வரிசை அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். பேண்ட் எங்கே போனாலும் அதே பேண்ட்தான். அரங்கும் கூட்டமும் ஊரும்தான் மாறுகின்றன. எனவே ஊரை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் பயணத்தில் பாதி சரியாக அமைந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கச்சேரி முடிந்து, டபுள் பாஸ் டிரம்மின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இன்னும் அடங்காத அந்த நேரத்தில், படுக்கைக்கு எப்படித் திரும்புவது? நடந்தோ, ஐந்தாறு நிமிட மெட்ரோவிலோ திரும்ப முடிந்தால் இரவும் நமக்கு, மறுநாள் காலையும் நமக்கு. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தால், கூட்டம் கேட்டு மறுபடி வந்து வாசிக்கும் இரண்டாவது என்கோரின்போது கண் மேடையில் இருக்கும், மனம் கைக்கடிகாரத்தில் இருக்கும். கூடாரத்தில் படுப்பதாக இருந்தால் பக்கத்து ஊரைப் பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். இந்தக் கணக்கை வைத்துத்தான் கீழே உள்ள ஊர்களை ஒப்பிடுகிறேன்.

வாக்கன், பக்கத்தில் ஹாம்பர்க்

மெட்டல் கேட்கிற எவரிடமும் கனவுப் பயணம் எது என்று கேட்டால் வாக்கன் பெயர் வந்துவிடும். வட ஜெர்மனியில், ஹாம்பர்க்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் கிராமம் அது. 1990-ல் அந்த ஊர் இளைஞர்கள் தாமஸ் ஜென்சனும் ஹோல்கர் ஹூப்னரும் தொடங்கிய மெட்டல் விழாவுக்கு முதல் வருடம் வந்தவர்கள் 800 பேர் அளவில்தான். இன்று 85,000 பேர் வருகிறார்கள். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ நடக்கும். கிராமத்தின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமான ஊதுகுழல் வாத்தியக் குழு வருடா வருடம் மேடையேறும். அவர்களுக்கும் கறுப்புச் சட்டை போட்ட மெட்டல் ரசிகர் கூட்டம் அதே ஆரவாரத்தோடு கை உயர்த்தும். ஊர் மக்கள் வீட்டு வாசலில் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கிராமம் முழுசாக ஒரு இசையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதை வேறெங்கும் இந்த அளவுக்குப் பார்க்க முடியாது.

ஆனால் ஊர் சுற்றும் கணக்கில் வாக்கனுக்கு மதிப்பெண் குறைவு. கூடாரம் போடும் இடம் டிக்கெட்டோடு சேர்ந்தது, எல்லாரும் அங்கேதான் தங்குவார்கள். ஹாம்பர்க்கிலிருந்து இட்ஸெஹோ என்ற ஊருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில், அங்கிருந்து பேருந்து. ஒரு தரம் உள்ளே போய்க் கூடாரம் அடித்துவிட்டால், "நாளைக்குக் காலையில் ஹாம்பர்க் போய்விட்டு மாலைக்குத் திரும்பலாம்" என்பது பேச்சோடு சரி. தூக்கம் குறைவு, கால் வலி, மத்தியானத்திலேயே தொடங்கிவிடும் பேண்டுகள். யாரும் கிளம்ப மாட்டார்கள்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே சேறு என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. 2023-ல் விழாவுக்கு முன்பே கொட்டிய மழையில் வயல்கள் உழுத நிலம்போல் ஆகி, வண்டிகள் சிக்கி, அமைப்பாளர்கள் நுழைவையே நிறுத்தினார்கள். டிக்கெட் கையில் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் பாதி வழியில் திரும்பினார்கள். டிக்கெட் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால் தூர தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு விமானச் செலவை யார் திருப்பித் தருவார்கள்?

அப்போ ஹாம்பர்க்கை விட்டுவிடுவதா? கூடாது. வாக்கன் போவதாக இருந்தால் விழா முடிந்த பிறகு குறைந்தது இரண்டு நாள் ஹாம்பர்க்குக்கு ஒதுக்குங்கள். முன்னால் ஒதுக்காதீர்கள், முன்னால் என்றால் கூடாரமும் மழைப் பூட்ஸும் சேர்ந்த மூட்டையோடு நகரத்தில் அலைய வேண்டியிருக்கும், மனமும் வயலிலேயே இருக்கும்.

அந்த இரண்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பழைய எல்பே சுரங்கப் பாதை. 1911-ல் திறந்தது, துறைமுகத் தொழிலாளர்கள் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டியது. லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறைப் பக்கம் குவிமாடம் வைத்த ஒரு கல் கட்டடம் இருக்கும். அதற்குள் போய், மனிதர்களையும் சைக்கிள்களையும் இறக்கும் பெரிய லிஃப்டிலோ சுற்றுப் படிக்கட்டிலோ 24 மீட்டர் கீழே இறங்கினால், ஆற்றுக்கு அடியில் 426 மீட்டர் நீளத்துக்கு வெள்ளை ஓடு பதித்த இரட்டைக் குழாய். சுவரில் மீன், நண்டு என்று நீர்வாழ் உயிர்களின் மெருகிட்ட புடைப்புச் சிற்பங்கள். நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. சைக்கிள் மணி ஒன்று அடித்தால் அந்தச் சத்தம் குழாய் முழுக்க உருண்டு போகும். மறுகரையில் ஏறி வெளியே வந்தால் நகரம் மொத்தமும் எதிரே விரிந்திருக்கும். பல நாள் சத்தத்துக்குப் பிறகு காதுக்கும் கண்ணுக்கும் இதைவிட நல்ல காலை கிடைக்காது.

இன்னொரு வழியும் உண்டு. வாக்கனையே விட்டுவிட்டு, ஹாம்பர்க் நகரத்துக்குள் நடக்கும் ஒரு கிளப் கச்சேரியைப் பிடிப்பது. சாங்க்ட் பவுலி பகுதியில் க்ரூயன்ஷ்பான், க்ரோஸ ஃப்ரைஹைட் 36 போன்ற அரங்குகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பீட்டில்ஸ் 1960-ல் ராத்திரி ராத்திரியாக வாசித்துக் கை பழகியதும் அதே தெருக்களில்தான். வெள்ளி, சனி இரவுகளில் நகர ரயில் விடிய விடிய ஓடும். யுனெஸ்கோ பட்டியலில் 2015-ல் சேர்ந்த செங்கல் கிடங்குப் பகுதியான ஷ்பைஷர்ஷ்டாட்டை மறுநாள் நிதானமாக நடந்து பார்க்கலாம். வாக்கனின் பிரமாண்டம் கிடைக்காது. ஆனால் ஊர் முழுசாகக் கிடைக்கும்.

பர்மிங்காம்

இந்த இசை பிறந்த ஊர். வரலாறு முக்கியம் என்று நினைப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இங்கே போங்கள்.

பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த நான்கு பையன்கள் 1968-ல் சேர்ந்ததுதான் பிளாக் சபாத். அதன் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிட்டார் தந்தியை அழுத்துவது அவருக்கு வலது கைதான். இனி வாசிக்கவே முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த தொழிற்சாலை மேலாளர், தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் துண்டை ஒட்டிக்கொண்டார். வலி தாங்க மெல்லிய தந்தி போட்டார். பிறகு சுருதியையும் தளர்த்தினார். மெட்டலுக்கே அடையாளமான அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால் இந்த விரல்கள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஊரின் பழைய தொழிற்சாலைச் சுவர்களையும் கால்வாய்களையும் பார்க்கும்போது, நகரம் வேறு மாதிரி தெரியும்.

பிராட் தெருவில் கால்வாயின் மேல் உள்ள பாலத்துக்கு 2019-ல் பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்து, நான்கு பேரின் முகம் பொறித்த பெஞ்சு ஒன்றை வைத்தார்கள். 2025 ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனிலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் வாசித்தார்கள். பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாளில், ஜூலை 22-ஆம் தேதி, காலமானார். இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்றபோது தெருவே பூவால் நிறைந்திருந்தது. நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குள் நிற்கும் பத்து மீட்டர் உயர இயந்திரக் காளைக்கும் ஆஸி என்றுதான் பெயர். மக்களே ஓட்டுப் போட்டு வைத்த பெயர். ஜூடாஸ் ப்ரீஸ்டும் இந்த ஊர்ப் பேண்ட்தான்.

லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயிலில் வந்துவிடலாம். ஆனால் டிக்கெட் வாங்குமுன் அரங்கின் முகவரியைக் கண்டிப்பாகப் பாருங்கள். பர்மிங்காமில் இரண்டு பெரிய உள்ளரங்குகள் உண்டு. ஒன்று நகர மையத்தில், கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது. கச்சேரி முடிந்து அந்தப் பாலம் வழியாகவே நடந்து அறைக்குத் திரும்பலாம். இன்னொன்று நகரத்துக்கு வெளியே, விமான நிலையத்தை ஒட்டிய கண்காட்சி வளாகத்தில் இருக்கிறது. ரயில் உண்டு, ஆனால் ஆயிரக்கணக்கானோரும் அதே நேரத்தில் அதே பிளாட்பாரத்துக்குத்தான் வருவார்கள். டூர் அறிவிப்பில் இரண்டுக்கும் "பர்மிங்காம்" என்றுதான் போட்டிருக்கும்.

டவுன்லோடு, பிளட்ஸ்டாக் என்ற இங்கிலாந்தின் பெரிய மெட்டல் விழாக்கள் பக்கத்து மாவட்டங்களில், திறந்த வெளியில் நடக்கின்றன. அவற்றோடு பர்மிங்காமையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வாக்கனுக்குச் சொன்னதே அதற்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெட்டல் வரலாற்றை எடுத்துவிட்டால், முதல் பார்வையில் மயக்கும் நகரம் அல்ல பர்மிங்காம். கூட வருபவருக்கு இந்த இசையில் ஆர்வம் இல்லையென்றால் இரண்டாவது நாளில் சலித்துவிடலாம். தனியாகவோ, சக ரசிகரோடோ போக வேண்டிய ஊர் இது.

ஹெல்சின்கி

முதல் தடவை கச்சேரிக்காக வெளிநாடு போகும் ஒருவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் ஹெல்சின்கி என்பேன். நான் பார்க்கும் அந்தக் கணக்கில் வேறெந்த ஊரும் இதற்குப் பக்கத்தில் வருவதில்லை.

மக்கள்தொகைக்கு எத்தனை மெட்டல் பேண்ட் என்று பார்த்தால் உலகில் முதலிடம் ஃபின்லாந்துக்குத்தான். நைட்விஷ், அமார்ஃபிஸ், ஸ்ட்ராட்டோவேரியஸ், சில்ட்ரன் ஆஃப் போடம் என்று நீளும் பட்டியல். ஹெல்சின்கியின் இசைக் கல்லூரியான சிபேலியஸ் அகாடமியில் செவ்வியல் இசை படித்த, பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசிக்கும் நான்கு மாணவர்கள், மெட்டாலிகா பாடல்களைச் செல்லோவில் வாசித்து 1996-ல் ஆல்பம் போட்டார்கள். அபோகலிப்டிகா அப்படித்தான் வெளியே தெரிந்தது. 2006-ல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு இந்த நாடு அசுர வேஷம் போட்ட லோர்டி பேண்டை அனுப்பி ஜெயித்தது. இங்கே மெட்டல் ஒதுக்குப்புறமான ரசனை அல்ல, பொது ரசனை. லூத்தரன் தேவாலயங்களில் மெட்டல் இசையில் வழிபாடே நடத்துகிறார்கள். பேண்ட் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த நிம்மதி அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஹெல்சின்கியின் மெட்டல் விழாவான டுஸ்கா 1998-ல் தொடங்கியது. ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்தில், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள். 2011-ல் சுவிலாத்தி என்ற பழைய மின்நிலைய, எரிவாயு ஆலை வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. மையத்திலிருந்து மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் கலசத்தமா; இறங்கினால் பக்கத்திலேயே மைதானம். கூடாரம் கிடையாது. எல்லாரும் நகரத்தில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். விழாவும் மத்தியானத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். காலைப் பொழுது முழுக்க ஊருக்கு.

அந்த மாதத்து வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் தாண்டும். முக்கியமான பேண்ட் மேடையேறும்போதும் சாய்ந்த வெயில் பழைய செங்கல் சுவர்களிலும் ஆலையின் இரும்புக் கூண்டிலும் அடித்துக்கொண்டிருக்கும். இருட்டில் லேசரும் புகையுமாக மெட்டல் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பாட்டில் ஏதோ குறைவதுபோல் இருக்கும். மூன்றாவது பாட்டுக்குள் அது மாறிவிடும். டிரம்மரின் மணிக்கட்டு தெரிகிறது, கிட்டாரிஸ்ட் எந்தத் தந்தியில் விரலை இழுக்கிறார் என்று தெரிகிறது, பக்கத்தில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாயசைப்பது தெரிகிறது. மேடைக்கு முன்னே ரசிகர்கள் மோதி ஆடும் மாஷ் பிட்டில் யாராவது விழுந்தால் நான்கு கை உடனே நீள்வதும் பளிச்சென்று தெரிகிறது. முடிந்து வெளியே வரும்போதும் வானம் முழுதாக இருண்டிருக்காது. கடற்கரை ஓரமாக நடந்தே அறைக்குப் போகலாம்.

பகலில் என்ன பார்ப்பது? சந்தைச் சதுக்கத்திலிருந்து படகில் கால் மணி நேரம் போனால் சுவோமன்லின்னா தீவுக் கோட்டை. 1748-ல் கட்டத் தொடங்கியது, 1991-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நகரப் பேருந்துக்கு வாங்கும் அதே டிக்கெட் படகுக்கும் செல்லும். பாறையைக் குடைந்து 1969-ல் கட்டிய டெம்பெலியௌகியோ தேவாலயத்தில், கரடுமுரடான பாறைச் சுவரின் மேல் செம்புக் கூரை நிற்கும். ஒலி அங்கே திரும்பி வரும் விதத்தைக் கேட்கவே ஒரு தடவை உட்காரலாம். 2018-ல் திறந்த ஊடி நூலகத்தில் இசைக்கருவி வாசிக்கவும் பாட்டுப் பதிவு செய்யவும் பொதுமக்களுக்கென்றே ஸ்டுடியோ அறைகள் வைத்திருக்கிறார்கள். இத்தனை பேண்ட் எங்கிருந்து முளைக்கின்றன என்பதற்கு ஒரு விடை அங்கே கிடைக்கும். மீதி நாள் இருந்தால் இரண்டு மணி நேரக் கப்பலில் எஸ்டோனியாவின் டாலின் போய்வரலாம்.

கோடையில் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. நகர மையத்தில் 1970 முதல் இயங்கும் டவாஸ்டியா கிளப் வருடம் முழுக்கக் கச்சேரி நடத்துகிறது. குளிர்காலத்தில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும், அதனால் ஊர் சுற்றுவது குறையும், கச்சேரி குறையாது. விலைவாசி அதிகம்தான். ஆனால் ரூமுக்குக் கொடுக்கும் பணத்தை டாக்ஸிக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஈடுகட்டிவிடலாம்.

டோக்கியோ

பேண்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், ஒவ்வொரு நோட்டும் காதில் விழ வேண்டும் என்பவர்களுக்கு டோக்கியோ. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரங்கம் சட்டென்று அமைதியாகிவிடும். மேடையில் இருப்பவர் பேசுவதற்கு ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பார்கள். 1970-களில் மேற்கத்திய பேண்டுகள் ஜப்பானில் நேரடி ஆல்பம் பதிவு செய்ய விரும்பியதற்கு இந்த ரசிகர்களும் ஒரு காரணம். டீப் பர்ப்பிள் 1972-ல் ஒசாகாவிலும் டோக்கியோ புடோகானிலும் பதிவு செய்தது. ஜூடாஸ் ப்ரீஸ்டின் முதல் நேரடி ஆல்பமும் 1979-ல் டோக்கியோவில் பதிவானதுதான். புடோகான் 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய எண்கோண அரங்கம்.

சிறிய அரங்குகளில் உள்ளே நுழையும் முறையை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. டிக்கெட்டில் ஒரு வரிசை எண் இருக்கும். வாசலில் ஊழியர் அந்த எண்களை ஒவ்வொன்றாகவோ பத்துப் பத்தாகவோ கூப்பிடுவார். உங்கள் எண் வரும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். விடியற்காலையிலிருந்து வாசலில் காத்துக் கிடப்பதில் பயன் இல்லை, எண் 12 வைத்திருப்பவர் கடைசி நிமிடம் வந்தாலும் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். உள்ளே போகும்போது பானத்துக்கென்று தனியாகச் சில நூறு யென் வாங்குவார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பையைக் காசு போடும் லாக்கரில் வைத்துவிடலாம்.

கச்சேரி பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணிக்கே, சொன்ன நேரத்துக்கே தொடங்கிவிடும். ஒன்பது மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும் ஊரில் இது பெரிய வசதி. புடோகானிலிருந்து பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ வழியாக நடந்தால் ஒச்சனோமிசு வந்துவிடும்; அங்கே ஒரு தெரு முழுக்க கிட்டார் கடைகள். இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு இந்த ஊரில் பெட்டி கனக்காமல் திரும்ப வழியே இல்லை. ஜப்பான் பதிப்புகளில் கூடுதலாக ஒரு பாட்டு சேர்த்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான பதிப்புகளை வாங்காமல் உள்ளூர்ப் பதிப்பை வாங்க வைப்பதற்காகத் தொடங்கிய வழக்கம் அது.

ஒரே குறை, பேண்டுகள் ஜப்பானுக்கு வரும் தேதிகள் குறைவு. கச்சேரிக்காக மட்டும் தூரம் அதிகம். ஊரே பாதிக் காரணமாக இருந்தால்தான் கணக்குக்கு வரும். கூட வருபவருக்கு மெட்டல் பிடிக்காது என்றால் இதுதான் சரியான ஊர். அவருக்கு ஒரு மாலை மட்டும் தனியாகக் கழியும், மீதி அத்தனையும் இருவருக்கும்.

ஆஸ்லோ, பெர்கன்

மெட்டலின் இருண்ட, கடுமையான கிளையான பிளாக் மெட்டல் கேட்பவர்கள் நார்வேயை விட மாட்டார்கள். ஆஸ்லோவில் 2001 முதல் ஈஸ்டர் வாரத்தில் இன்ஃபெர்னோ மெட்டல் விழா நடக்கிறது. நகர மையத்தில், பழைய பொதுக் குளியல் கூடமாக இருந்து அரங்கமாக மாறிய ராக்கஃபெல்லரில். சாய்ந்த கூரை மேல் நடந்து ஏறக்கூடிய ஓபரா மாளிகை நடை தூரம். என் கணக்குப்படி அருமையான இடம். ஆனால் ஈஸ்டரில் வியாழன், வெள்ளி, ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அருங்காட்சியகங்களின் நேரமும் மாறும். புதன்கிழமையே போய்ச் சேர்ந்து வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள்.

பெர்கன் ஆறேழு மணி நேர ரயில் பயணம், மலைகளைக் கடந்து போகும் பாதை. 1990-களில் முக்கியமான பிளாக் மெட்டல் ஆல்பங்கள் பல பதிவானது அங்கே உள்ள கிரீக்ஹாலன் இசை மாளிகையில். நகருக்கு வெளியே ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் இருக்கிறது. 1992-ல் தீ வைத்து எரித்ததை மறுபடி கட்டினார்கள். அந்தக் காலத்தில் பிளாக் மெட்டல் வட்டத்தைச் சேர்ந்த சிலரால் தேவாலயங்கள் எரிந்தன, கொலையும் நடந்தது. அவற்றைச் சாகசக் கதையாகச் சொல்லி, அந்த இடங்களில் விரல்களால் மெட்டல் ரசிகர்களின் கொம்பு முத்திரை காட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆறாத விஷயம். தேவாலயத்தைப் பாருங்கள், மரவேலையைப் பாருங்கள், அமைதியாக வந்துவிடுங்கள்.

ஸ்டேடியம் டூர் என்றால்

மேலே சொன்னவை எல்லாம் விழாவுக்கும் நடுத்தர அரங்குக்கும். மெட்டாலிகா போன்ற பேண்டுகள் ஸ்டேடியத்தில்தான் வாசிக்கும், அதற்கு ஊரைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனாலும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 2023-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய அவர்களுடைய எம்72 டூரில் பல ஊர்களில் இரண்டு இரவு வாசித்தார்கள், ஒரு பாட்டுகூட திரும்ப வராமல். பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும். நடுவே சனிக்கிழமை காலி. ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை நடுவில் வைத்ததுபோல் அமைந்துவிட்டது. இப்படி இரண்டு இரவு வாசிக்கும் டூர் எது வந்தாலும், ஒற்றை இரவு வாசிக்கும் ஊர்களை விட்டுவிட்டு இரட்டை இரவு ஊரையே எடுங்கள். விலை கூடும். ஆனால் முதல் இரவில் மேடைக்கு அருகே நின்று, இரண்டாம் இரவில் தள்ளி உட்கார்ந்து முழு மேடையையும் பார்க்கும் வாய்ப்பு அந்த விலைக்குத் தகும்.

நான் எதைச் சொல்வேன்?

முதல் பயணம், மூன்று நான்கு நாள், இசையும் ஊரும் சம அளவில் வேண்டும்: ஹெல்சின்கி, டுஸ்கா சமயத்தில். அது அமையவில்லை என்றால் ஹாம்பர்க்கில் ஒரு கிளப் கச்சேரி. பிளாக் சபாத்தைக் கேட்டு வளர்ந்தவர் என்றால் எதையும் ஒப்பிட வேண்டாம், பர்மிங்காம்; நகர மைய அரங்கில் நடக்கும் தேதியாகப் பாருங்கள். குடும்பத்தோடோ, மெட்டல் கேட்காத துணையோடோ போகிறவருக்கு டோக்கியோ. வாக்கனை இரண்டாவது பயணத்துக்கு வையுங்கள், ஊர் பார்க்கும் ஆசையை வீட்டில் வைத்துவிட்டு முழுசாக அதற்கென்றே போங்கள்.

எந்த ஊரானாலும் பதிவு செய்யும் வரிசை முக்கியம். முதலில் கச்சேரி டிக்கெட், அடுத்து ரத்து செய்யக்கூடிய அறை, விசா கைக்கு வந்த பிறகு விமானம். இங்கிலாந்துக்கு விசா தனி. ஜெர்மனி, ஃபின்லாந்து, நார்வே மூன்றும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் அடங்கும். பாடகருக்குத் தொண்டை கட்டினால் கச்சேரி தள்ளிப்போகும். டிக்கெட் பணம் திரும்பும், மற்றவை திரும்பாது. மீதமான டிக்கெட்டை அதிகாரபூர்வ மறுவிற்பனையில் மட்டும் வாங்குங்கள், பல இடங்களில் பெயர் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

கச்சேரிக்கு முந்தைய நாளே ஊருக்குப் போய்விடுங்கள், அன்றே அரங்கு வரை ஒரு தரம் நடந்து பார்த்துவிடுங்கள். இரவில் திரும்பும்போது வழி தெரிந்திருக்கும். கச்சேரி நாள் பகலில் பெரிய திட்டம் வேண்டாம்; நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டிய கால்கள் அவை. காது அடைப்பானை மறக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு; ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மெட்டல் கச்சேரி அதைச் சாதாரணமாகத் தாண்டும். இசைக்கென்றே செய்த அடைப்பான்கள் சத்தத்தைக் குறைக்குமே தவிர ஒலியை மங்கடிக்காது. ஒரு ஜோடியைச் சட்டைப் பையிலும், இன்னொரு ஜோடியைக் கூட வருபவருக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள்.